முதலிடம் பிடித்த வின்ச்

அன்று காலை பாப்பாவுக்கு ஒதுக்கப்பட்ட வேலை வின்ச். முந்தின நாள் பிரஷர் குக்கர். அதற்கு முந்தின நாள் குழந்தைத் தொட்டில். கல்யாணமே ஆகாதவள், எந்தத் தொட்டிலில் போட்டால் குழந்தை சிணுங்காமல் தூங்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் பஸ் பிடித்து விடுதிக்குப் போனாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு இணையதளக் கம்பெனியில். எந்தப் பொருளை எடுத்துக்கொண்டாலும் அதில் சிறந்த பத்தை வரிசைப்படுத்திப் போடுவார்கள். படிக்கிறவர் அங்கிருந்தே வாங்கினால் கம்பெனிக்குக் கமிஷன். எது அதிகக் கமிஷன் தருகிறதோ அதற்கு முதலிடம். ஒவ்வொரு பட்டியலின் தலையிலும் 'எங்கள் குழு நேரில் பயன்படுத்திப் பார்த்துச் சொல்கிறது' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். குழு என்பது, ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த நாலு பெண்களும், சுற்றும்போது முனகுகிற ஒரு மின்விசிறியும்தான். எந்தக் குக்கரும் எந்தத் தொட்டிலும் அந்த மாடிப்படி ஏறி வந்ததில்லை.

"வின்ச்சுன்னா என்ன சார்?" என்று மேனேஜரிடம் கேட்டாள்.

"ஜீப்புக்கு முன்னாடி மாட்டுறதும்மா. ஒரு மோட்டார், ஒரு உருளை, அதுல சுத்தின இரும்புக் கயிறு. ஜீப் சேத்துல மாட்டிக்கிட்டா கயித்தை இழுத்து ஒரு மரத்துல கட்டிட்டு சுவிட்சை அமுக்கணும். உருளை கயித்தைச் சுத்திக்கும், ஜீப் தன்னைத்தானே இழுத்துக்கிட்டு வெளிய வந்துடும். கம்மி விலையில சிறந்த பத்து. மத்தியானத்துக்குள்ள வேணும்."

ஜீப் என்றதும் அவளுக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. அண்ணனும் ஜீப் ஓட்டுகிறவர்தான். பஸ் நின்றுவிடுகிற இடத்திலிருந்து மேலே மலைக் குடியிருப்புகளுக்கு மூட்டைகளையும் மருந்துப் பெட்டிகளையும், மழைக்கு ஒதுங்கி நிற்கிற வாத்தியார்களையும் ஏற்றிப் போவார். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபின் அந்த ஜீப்பை உருட்டித்தான் தங்கையைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். அவளுக்கு வயது முப்பதைத் தொட இருந்தது; அவருக்கு அவள் இன்னும் பாப்பாதான். அதனால் நாமும் அப்படியே சொல்லிவிட்டுப் போவோம். "என் தங்கச்சி எழுத்தாளர்" என்று ஜீப் ஸ்டாண்டில் சொல்லாத ஆள் இல்லை. குக்கர் பற்றி அவள் எழுதியதைக்கூட செல்போனில் எடுத்து, குக்கரே வைத்திருக்காத டிரைவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினார்.

எந்த வின்ச்சை முதலில் போடவேண்டும் என்று மேனேஜர் முன்பே குறித்துக் கொடுத்திருந்தார். தயாரித்தவன் அனுப்பிய தாளில் எடை, நிறம், கயிற்றின் நீளம் எல்லாம் இருந்தன. பாப்பா அவற்றை இனிக்க இனிக்க எழுதினாள். மேனேஜர் எட்டிப் பார்த்து, "முதலிடத்துக்கு இன்னும் ரெண்டு வரி வேணும்மா, இடம் காலியாத் தெரியுது" என்றார்.

பாப்பா யோசித்தாள். வண்டி என்று இருந்தால் பிரேக் இருக்கும், வின்ச்சுக்கும் இருக்கும்தானே? எழுதினாள்: 'சரிவில் பாதியில் நிறுத்தினாலும் இதன் பிரேக் வண்டியைப் பாறைபோலப் பிடித்துக்கொள்ளும். பயமில்லாமல் கீழே இறங்கி வேலை பார்க்கலாம்.' இடம் நிரம்பியது. கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனாள். நாக்குக்குத்தான் நரம்பில்லை என்பார்கள். விரல்களுக்கு நரம்பு உண்டு. ஆனாலும் அன்று அவை கூசவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, மழைக்காலம் தொடங்கும் முன், அண்ணன் போன் செய்தார்.

"பாப்பா, வேலையா இருக்கியா?"

"சொல்லுண்ணா."

"ஜீப்புக்கு ஒரு வின்ச் போட்டுடலாம்னு கடைக்கு வந்திருக்கேன். போன மழையில மேல் வளைவுல மாட்டிக்கிட்டு அரை நாள் கெடந்தேனே, உன் அண்ணி இன்னும் அதைச் சொல்லித் திட்டுறா. இங்க மூணு காட்டுறாங்க. ஒண்ணு நல்ல கம்பெனி, ஆனா விலை நம்ம கைக்கு எட்டாது. ரெண்டாவது அதே கம்பெனி, எவனோ கழட்டிப் போட்ட பழசு. மூணாவது நீ முதலிடம் குடுத்திருக்கியே, அது. புதுசு, விலையும் பழசு விலைதான். கடைக்காரர் பழசையே எடுங்கன்றாரு. நான் விடுவேனா? என் தங்கச்சி நேர்ல போட்டுப் பார்த்து எழுதியிருக்கா, நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டுட்டேன்."

கடைக்குள் யாரோ சிரிப்பது கேட்டது. அண்ணனும் சிரித்தார்.

'அண்ணா, நான் வின்ச்சைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை' என்ற வார்த்தை பாப்பாவின் வாய்வரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் குக்கரும் பொய், தொட்டிலும் பொய், ஸ்டாண்டில் அவர் வாசித்துக் காட்டியதெல்லாம் பொய் என்றாகிவிடும். அவர் முதுகு ஒடிய ஓட்டிப் படிக்க வைத்த படிப்பு இதற்குத்தானா என்றாகிவிடும். கடைக்காரர் முன்னால் அவர் முகம் சுருங்கிப்போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு" என்றார் அண்ணன். "சரிவுல நிறுத்தினா பிரேக் பிடிக்குமா? எனக்கு அதுதான் முக்கியம். நான் கீழ இறங்கி சக்கரத்துக்கிட்ட வேலை பாக்கணும்."

பிடிக்கும் என்று சொல்ல நா எழவில்லை. "அதான் எழுதியிருக்கேன்லண்ணா" என்றாள்.

அது பொய்யில்லையாம். எழுதியிருந்தாள்தானே! மனசாட்சிக்கு இப்படி ஒரு சமாதானம் சொல்லிவிட்டு, அண்ணன் "அது போதும்" என்று போனை வைத்ததும் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். அன்று அவளுக்கு வந்தது தலையணை.

மழை பிடித்துக்கொண்டது. வின்ச் வேலை செய்தது. ஒன்றிரண்டு தடவை சேற்றிலிருந்து ஜீப்பை நல்லபடியாக இழுத்தும் விட்டது. அண்ணன் அதன் பக்கத்தில் நின்று படம் பிடித்து அனுப்பினார். பாப்பாவின் நெஞ்சு லேசானது. ஒன்றும் ஆகாத பொய் உண்மை மாதிரியே ஆகிவிடுகிறது. அதுதான் அதிலுள்ள ஆபத்து.

செய்தி வந்தபோது அவள் அலுவலகத்தில் இருந்தாள். அண்ணி பேசவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான் பேசினார். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் அண்ணனுக்கு அடிபட்டிருக்கிறது, பிழைத்துக்கொள்வார் என்றே நினைத்துக்கொண்டு போனாள். தெருமுனையில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

எல்லாம் முடிந்த மறுநாள், முன்னறையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது, ஜீப்பில் அண்ணனோடு எப்போதும் போகிற சுமை ஏற்றுகிறவர் வந்தார். அவரை எல்லோரும் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று அண்ணனோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். பாப்பாவுக்கு எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"மேல் வளைவுலதான் தங்கச்சி. வண்டி பாதிச் சரிவுல நிக்குது. முன்னால மரத்துல கயிறு கட்டி இழுத்துக்கிட்டிருந்தோம். பின்சக்கரம் ஒரு குழியில உக்காந்துடுச்சு. நான் சுவிட்சைப் பிடிச்சுக்கிட்டு முன்னால நிக்கிறேன். குழியில கல்லு போடலாம்னு அண்ணன் இறங்கினாரு. எப்பவும் சக்கரத்துக்குப் பின்னாடி கட்டை வெச்சுட்டுத்தான் வண்டிக்குப் பின்னால போவாரு. சேத்துல ஹேண்ட் பிரேக்கை நம்பவே மாட்டாரு. அன்னைக்கும் நான் கேட்டேன், கட்டை எடுத்துட்டு வரவாண்ணேன்னு."

அவர் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"வேணாம்டா, மழை வலுக்குது, நேரமாகுது, இது பாறை மாதிரிப் பிடிச்சுக்கும், பயமில்லாம இறங்கலாம்னு என் தங்கச்சி எழுதியிருக்கா அப்படின்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அவரு குனிஞ்சதும் உருளை கயித்தை விட்டுடுச்சு, வண்டி அப்படியே பின்னால அவரு மேல வந்துடுச்சு. நான் சுவிட்சை அமுக்குறேன், அமுக்குறேன், அது பிடிக்கவே இல்ல." பிறகு அவளைத் தேற்றுகிற குரலில் சொன்னார்: "கடைசியா உன்னைப் பத்திதான் பேசினாரு தங்கச்சி. அதை உன்கிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். பாப்பாவுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்குக்கூட ஒரு உரிமை வேண்டும். அது தனக்கு இல்லை என்று தோன்றியது. வந்தவர்களெல்லாம், "பாவம், இடிஞ்சுபோயிட்டா, அண்ணன்னா உயிரு அவளுக்கு" என்று பேசிக்கொண்டார்கள். அந்த இரக்கம் அவளைத் தீயாகச் சுட்டது.

சொந்தபந்தம் எல்லாம் கிளம்பிப் போனபின், ஒரு காலையில் அண்ணி வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். அழுது அழுது அண்ணியின் குரல் கட்டிப்போயிருந்தது.

"அந்த வின்ச்சு செஞ்ச கம்பெனிமேல புகார் குடுக்கணும். இன்னொரு வீட்டுல இப்படி ஆகக்கூடாது. நம்ம வீட்டுல எழுதத் தெரிஞ்சவ நீதான். அவரு எதை நம்பி வாங்கினாரு, எப்படி ஏமாந்தாருன்னு விவரமா எழுதிக் குடு. நான் கையெழுத்துப் போடுறேன்."

பாப்பா பேனாவை எடுத்தாள். திரும்ப வைத்தாள்.

"அண்ணி, நான் அந்த வின்ச்சைப் பார்த்ததே இல்ல."

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. "ஆபீஸ்ல வேற யாரோ பார்த்தாங்களா?"

"யாருமே பார்க்கல. எதையுமே பார்க்கிறதில்ல. எது கமிஷன் கூடத் தருதோ அதை முதல்ல போடுவோம்."

"அப்ப அந்த பிரேக் பத்தி எழுதினது?"

"நானா எழுதினதுதான்."

"எதுக்கு?"

பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். இதைவிடப் பெரிதாக ஒரு காரணம் இருந்திருக்கக் கூடாதா என்று நெஞ்சு தவித்தது. "இடம் மீதி இருந்துச்சு அண்ணி."

அண்ணி அடிக்கவில்லை, சபிக்கவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். அங்கிருந்து வந்த அழுகைச் சத்தம், அண்ணன் செத்த அன்றுகூட அவள் அழாத அழுகை. பாப்பா அசையாமல் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போய்த் தேற்ற அவளுக்கு முகம் இல்லை.

மத்தியானம் செல்போனில் ஒரு கேள்வி வந்தது. வின்ச் பட்டியலுக்கு அடியில் யாரோ ஒருவர் கேட்டிருந்தார்: 'எங்க அப்பா வண்டிக்கு இதை வாங்கலாம்னு இருக்கேன். மலைப்பாதை. நம்பி வாங்கலாமா?'

அவள் உடனே மேனேஜரைக் கூப்பிட்டாள். அந்தப் பட்டியலை எடுத்துவிடச் சொன்னாள். நடந்ததைக் கேட்டு அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால், "அந்தப் பக்கம்தான்மா இப்ப நல்லா ஓடுது. வேணும்னா பிரேக் வரியை மட்டும் எடுத்துடுறேன். இங்க பாரு, கேப்பையில நெய் வடியுதுன்னு நாம சொன்னா, கேக்குறவனுக்குப் புத்தி வேணாமா? வாங்குறவன்தான் விசாரிச்சு வாங்கணும்" என்றார்.

"என் அண்ணன் விசாரிச்சாரு சார்" என்றாள் பாப்பா. "என்கிட்டதான் விசாரிச்சாரு."

போனை வைத்துவிட்டு, முகம் தெரியாத அந்த மனிதருக்குத் தன் சொந்தப் பெயரிலேயே பதில் எழுதினாள்: 'வாங்காதீர்கள். இதை எழுதிய நான் வின்ச்சைத் தொட்டதுகூட இல்லை. பிரேக் பற்றிச் சொன்னது என் கற்பனை. அதை நம்பி என் அண்ணன் இறந்துவிட்டார்.' பிறகு வெள்ளைத்தாளை எடுத்துப் புகாரை எழுதத் தொடங்கினாள். ஏமாற்றியவர்கள் யார் யார் என்று எழுதவேண்டிய இடத்தில் தன் பெயரை முதலில் எழுதினாள். வின்ச் கம்பெனியும் இணையதளமும் அதற்கு அடுத்துத்தான் வந்தன. வேலை போகும், வழக்கு வரும் என்று தெரியும். தெரிந்தேதான் எழுதினாள்.

சாயங்காலம் அண்ணி வந்து அந்தத் தாளைக் கையில் எடுத்தாள். நின்றபடியே மெதுவாகப் படித்தாள். பாப்பாவின் பெயர் இருந்த இடத்தில் கொஞ்சநேரம் நின்றாள். அதை அடிக்கச் சொல்லவில்லை. உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள். அதன்பிறகுதான் பேசினாள்.

"தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னா கொஞ்சநேரம் வெக்கமா இருக்கும், அவ்வளவுதான். தெரிஞ்ச மாதிரி சொன்னா, அதை நம்பி ஒரு ஆள் வண்டிக்கு அடியில போறாரு. யாரோ படிக்கிறாங்கன்னு நினைச்சுதானே எழுதுறீங்க? அந்த யாரோவுக்கு ஒரு வீடு இருக்கு, வாசலைப் பார்த்துக்கிட்டு ஒருத்தி இருக்கா."

அண்ணி தாளை மடித்தாள்.

"ஆபீஸ்ல எழுதினதைக்கூட விட்டுடுறேன். அவரு போன் பண்ணிக் கேட்டாரே, அப்பவாவது எனக்குத் தெரியாதுண்ணான்னு சொல்லியிருக்கலாம். உன்னை அவரு குறைவா நினைச்சிருப்பாரா? சிரிச்சிருப்பாரு. கடைக்காரர் சொன்ன பழசையே வாங்கி மாட்டிக்கிட்டு, இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பாரு."