நீராவிக்குத் தாங்கும் வளையம்

சாய்ரா வெள்ளைப் பீங்கான் வளையம் ஒன்றை இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவில் வைத்துத் திருகைச் சுற்றினாள். அழுத்தம் காட்டும் முள் ஏறிக்கொண்டே போய், கம்பெனி கேட்டிருந்த அளவைத் தாண்டிய பிறகுதான் வளையம் உடைந்தது. எதிரில் நின்ற ஞானதாஸ் திருப்தியோடு தலையசைத்தார். உரத் தொழிற்சாலைகளுக்கு வினையூக்கி செய்து தரும் சென்னைக் கம்பெனியின் இன்ஜினியர் அவர். சாலவாக்கம் சாலையில் இருந்த அந்தச் சூளைக் கொட்டகைக்குச் சரக்கைப் பார்த்து லாரியில் ஏற்றிவிட வந்திருந்தார்.

அந்தக் கம்பெனியில் வளையங்களின் நுண்துளைகளில் நிக்கலை ஏற்றுவார்கள். தொழிற்சாலையின் உலைக்குள் நிற்கும் குழாய்களில் அவற்றை நிரப்பி, நாஃப்தா என்ற பெட்ரோலிய எண்ணெயின் ஆவியையும் நீராவியையும் செலுத்துவார்கள். உரத்துக்கு வேண்டிய ஹைட்ரஜன் அதிலிருந்து பிரியும். பிரிக்கும் வேலையைச் செய்வது நிக்கல். அதைச் சுமப்பது வளையம். வளையம் நொறுங்கினால் குழாய் அடைத்துக்கொள்ளும். வளையத்தில் மணலில் இருக்கும் சிலிக்கா இருந்தாலோ, அந்தச் சூட்டில் நீராவி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போய், சற்றுக் குளிர்ந்த பாய்லர் குழாய்களில் படிய வைத்துவிடும்.

களிமண் சேர்த்தால் வளையம் கல்லாக இறுகும். ஆனால் களிமண்ணில் பாதி சிலிக்கா. சிலிக்கா இல்லாத அலுமினாப் பொடி மட்டும் என்றால் எளிதில் பிடித்து நிற்காது. சூட்டைக் கூட்டினால் நிற்கும், துளைகள் மூடிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் சாய்ரா ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தாள். எரிந்துபோய்த் துளை விடட்டும் என்று மைதா மாவைக்கூடக் கலந்து பார்த்தாள். மேடம் பரோட்டாக் கடை வைக்கப் போகிறார்கள் என்று ஆட்கள் சிரித்தார்கள். மைதாதான் வேலை செய்தது. அவள் அனுப்பிய மாதிரி வளையங்கள் கம்பெனியின் எல்லாச் சோதனையிலும் தேறின. ஒரு தொழிற்சாலை, உலையைத் திறந்து பழைய வினையூக்கியை மாற்றும்போது சில குழாய்களை இதற்கென்று ஒதுக்கச் சம்மதித்தது.

அவளுக்கு இந்த ஆர்டர் போனால் கொட்டகையே போகும். இதுவரை செய்துவந்த களிமண் வளையங்கள் ஆசிட் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. பிளாஸ்டிக் வளையம் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. உத்திரமேரூர் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் கணவனின் அண்ணன் நஜிமுதீன், சிமென்ட் கிடங்குக்கு இந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த ஆர்டர் வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்.

ஞானதாஸ் கை கழுவக் குழாயடிக்குப் போனார். சாய்ரா மூட்டையிலிருந்து இன்னொரு வளையத்தை எடுத்தாள். அடி விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு மினுமினுப்பு தெரிந்தது. நகத்தால் சுரண்டினாள். வரவில்லை.

சூளை அடுக்கும் தாமோதரனைக் கூப்பிட்டாள். காவாந்தண்டலத்துக்காரர். அவர் அடுக்கினால் ஒரு வளையம்கூடக் கோணாது.

"அண்ணா, பெட்டிக்குள்ள இன்னா தூவுனீங்க?"

"உமிச் சாம்பல்தாம்மா. புதுசா கேக்கறீங்க? தூவலைன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு மாலையாட்டம் வரும். சாமிக்குதான் சாத்தணும்."

சுற்றிலும் நெல் விளையும் ஊர்கள். சூளைக்குள் வைக்கும் சுட்ட மண் பெட்டிகளில் ரைஸ் மில் சாம்பலைத் தூவி, வளையங்களை அதன்மேல் அடுக்குவது அந்தக் கொட்டகையின் வழக்கம். களிமண் வளையத்துக்கு அதனால் கெடுதல் இல்லை. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா என்று சாய்ராவுக்குத் தெரியும். மாதிரிகளை அவள் சிறிய உலையில் தனித்தனியாக வைத்துச் சுட்டிருந்தாள். அதற்குச் சாம்பல் தேவைப்படவில்லை. கலவையில் சேரும் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தவளுக்கு, கலவையில் சேராத சாம்பல் நினைவுக்கே வரவில்லை.

ஞானதாஸ் கைக்குட்டையில் துடைத்தபடி வந்து, ஏற்றச் சொல்லிவிடலாமா என்று கேட்டார். அவள் வளையத்தை அவர் உள்ளங்கையில் வைத்து, நடந்ததைச் சொன்னாள்.

அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "மேலாப்லதானே கீது? தேச்சி எடுத்துடலாமே."

"உருகி உள்ள எறங்கிடுச்சி சார். ஆவி பட்டா மொதல்ல அதான் கெளம்பும்."

அவர் மூட்டைகளைப் பார்த்தார். குழாய்களைத் திறக்கும் தேதி முடிவாகிவிட்டது, இப்போது விட்டால் அந்த உலை மறுபடி திறக்கச் சில வருடமாகும் என்றார். தாமோதரன் தலையைக் குனிந்துகொண்டார். என்ன தூவுவது என்று தானும் முன்பே கேட்டிருக்க வேண்டும் என்று சாய்ரா அவரிடம் சொல்லிவிட்டு, இன்ஜினியர் பக்கம் திரும்பினாள்.

"ஒரே ஒரு குழாய் மட்டும் ஒதுக்கச் சொல்லுங்க சார். அதுக்கு ஆவறத மட்டும் அந்தத் தேதிக்குள்ள புதுசா செஞ்சி சுட்டுத் தர்றேன்."

"கேட்டுப் பாக்கறேன். வாக்கு குடுக்க முடியாது மேடம்." அவர் அந்த வளையத்தைத் திருப்பித் தரவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காருக்குப் போனார்.

கார் திரும்பியதும் தாமோதரன் கேட்டார். "அப்ப எதும்மேல அடுக்கறது?"

"நம்ம அலுமினாவுலயே கொரகொரப்பா ஒரு பொடி கீதே, அதும்மேல. அந்தச் சூட்டுக்கு அது ஒட்டாது. ஆனா பெட்டில பழைய சாம்பல் துளி இருக்கக் கூடாது."

சூளைப் பெட்டிகளை வெளியே எடுத்து வெயிலில் பரப்பினார்கள். பல வருடச் சாம்பல் மூலைகளில் இறுகிக் கிடந்தது. தாமோதரன் கம்பியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, முதல் பெட்டியை நீட்டினார். சாய்ரா உள்மூலையில் விரலை ஓட்டி வெளிச்சத்தில் பிடித்தாள். நுனியில் மெல்லிய சாம்பல் கோடு. பெட்டியை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள்.