வெளியே போகாத பார்வையாளர்

தன் கேட்டைப் பற்றிக் கேட்டக்காவுக்கு ஒரு கர்வம் உண்டு. பாட்டில் மூடி செய்யும் அந்தத் தொழிற்சாலைக்குள் பதினோரு வருடமாக அவள் எழுதாமல் ஓர் ஈகூட நுழைந்ததில்லை. அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. மேனேஜர் முதல் லாரிக்காரர்கள் வரை எல்லோருக்கும் அந்தக் கேட் காவல்காரி கேட்டக்காதான்.

அவளுடைய கூண்டறைச் சுவரில் ஒரு பலகை தொங்கும். ‘கேட்டைத் தாண்டி உள்ளே வரும் எதுவும் பதிவேட்டில் ஏற வேண்டும்.’ எந்தப் புண்ணியவான் என்ன நினைத்து எழுதினாரோ, கேட்டக்கா அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள். மழைக்கு ஒதுங்கிய நாயைக்கூட ஒரு முறை எழுதியிருக்கிறாள். ‘யாரைப் பார்க்க’ என்ற இடத்தில் ‘சொல்லவில்லை’ என்று போட்டிருந்தாள்.

ஆகவே எதிர்ச்சாரியில் நூலகம் திறந்து, அவளும் உறுப்பினராகி, கைப்பையில் புத்தகத்தோடு வேலைக்கு வர ஆரம்பித்தபோது புத்தகங்களையும் எழுதினாள். பெயர், எங்கிருந்து, யாரைப் பார்க்க, வந்த நேரம், போன நேரம். நூலகத்துக்குத் திருப்பும்வரை புத்தகம் கூண்டறையிலேயே இருக்கும், அன்றுதான் போன நேரம் ஏறும். ஒரே மாதத்தில் எட்டுப் புத்தகங்கள் ஏறிவிட்டன. ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் அரைமணி, முக்கால்மணி கிடைக்கும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது படித்தாள்.

வினை தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. பாதுகாப்புச் சோதனைக்கு வந்த அதிகாரி பெயர்களைப் படிக்கிற ரகம் இல்லை, எண்ணிக்கை பார்க்கிற ரகம். பதிவேட்டைப் புரட்டியவருக்கு ஒன்று இடித்தது. பத்தொன்பதாம் தேதி காலை பத்து இருபதுக்கு உள்ளே போன ஒரு பார்வையாளர் இன்னும் வெளியே வரவில்லை. பத்து நாளாகிறது. உடனே சங்கு ஊதினார்கள். இயந்திரங்களை நிறுத்தி எல்லோரையும் முற்றத்தில் வரிசையாக நிற்கவைத்துத் தலையை எண்ணினார்கள். கழிப்பறைக் கதவுகளைத் தட்டினார்கள், மூடி மூட்டைகளுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் யாருக்கோ பெயரைப் படிக்கத் தோன்றியது. ‘ஈரச் சன்னல், கவிதைகள்’ என்றிருந்தது.

“அது என் பையில இருக்கு சார்,” என்றாள் கேட்டக்கா.

முற்றமே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. அவர் கிளம்பிப் போனதும் மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு கூண்டறைக்கு வந்தார். மோசமான மனிதர் இல்லை. மேலே இருப்பவர்கள் தும்மினால் இவருக்குக் காய்ச்சல் வரும், அவ்வளவுதான்.

“கேட்டக்கா, வேலை நேரத்துல படிச்சேன், தப்பு, இனிமே புத்தகம் கொண்டுவர மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. நாலு மணிக்குள்ள அனுப்பணும். இல்லேன்னா உங்களை நிறுத்தச் சொல்லிட்டாங்க.”

“நான் படிச்சதால எந்த லாரி நின்னுச்சு சார்?”

“எதுவும் நிக்கல. அதுவா இப்ப பேச்சு?”

சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய தங்கை ஓடிவந்தாள். அதே தொழிற்சாலையில் மூடிகளை எண்ணிப் பையில் போடும் பிரிவில் இருப்பவள். இருவர் சம்பளத்தில் ஓடுகிற வீடு. ஒரு சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது.

“ஒரு வரிதானேக்கா. எழுதிட்டுப் போயேன். வீட்டுல வந்து படி, யாரு வேண்டாம்னா?”

“வீட்டுல நீ படிக்க விடுறியா? விளக்கை அணை, விளக்கை அணைன்னு உயிரை எடுப்ப.”

“சரி, இப்படிச் செய். போன வாரம் திருட்டு லோடு ஒண்ணப் பிடிச்சியே. துப்பறியும் கதை படிச்சதாலதான் பிடிச்சேன்னு எழுது. தூக்கிவச்சுக் கொண்டாடுவாங்க.”

பொய்ச் சீட்டோடு வெளியேறப் பார்த்த லாரியைக் கேட்டக்கா பிடித்தது உண்மைதான். மேனேஜர் கையெழுத்தின் வால் மேலே போகும். அந்தச் சீட்டில் கீழே தொங்கியது. பதினோரு வருடம் பார்த்த கண்ணுக்கு அது தெரியாதா? அதற்குப் புத்தகம் எதற்கு?

தங்கை போன பிறகு எழுத உட்கார்ந்தாள். தாள் போதவில்லை. பதிவேட்டின் கடைசியிலிருந்து மூன்று தாள்களைக் கிழித்துக்கொண்டாள். அவள் எழுதியது இது:

‘ஐயா, நான் வேலை நேரத்தில் படித்தது நிஜம். என்ன படித்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

முதலில் வந்தது துப்பறியும் கதை. இரண்டு நாளில் முடித்தேன். கடைசியில் கொலைகாரன் யார் என்றால் கேட் காவலாளி. எனக்கு வந்த கோபத்தில் புத்தகத்தை மேசையில் அடித்தேன். எழுதியவர் ஒருநாளும் ஒரு கேட்டில் நின்றவர் இல்லை. எங்களுக்குக் கொலை செய்ய நேரம் ஏது?

நட்சத்திரங்களைப் பற்றி ஒன்று. பாதிக்கு மேல் புரியவில்லை. புரியாததையும் முழுவதும் படித்தேன். என்னை யார் தடுப்பது? இப்போது சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மேலே பார்க்கிறேன். அவ்வளவுதான் லாபம்.

வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று ஒன்று. காலை நாலு மணிக்கு எழச் சொல்கிறது. நான் பதினோரு வருடமாக நாலு மணிக்குத்தான் எழுகிறேன். இந்தக் கேட்டைத் தாண்டி எங்கேயும் முன்னேறவில்லை. அதைப் பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

காதல் கதை எழுநூறு பக்கம். அழுதேன். அழுதபடியே மூன்று லாரிகளுக்குக் கேட்டைத் திறந்துவிட்டேன். ஓட்டுநர் ஒருவர் வீட்டில் ஏதாவது துக்கமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பேய்க்கதை சிரிப்பாக இருந்தது. சமையல் புத்தகத்தில் சொன்ன சாமான் எதுவும் எங்கள் வீட்டில் இல்லை, இருந்தாலும் படம் பார்த்தேன். சின்னப் பிள்ளைகளின் யானைப் புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். அதற்கு வெட்கப்படவில்லை.

கவிதைப் புத்தகம்தான் இன்னும் போகவில்லை. நாற்பது பக்கம். ஒரு பக்கத்திலேயே நாலு நாள் நின்றுவிட்டேன். அது போகிறபோது போகும். போன நேரத்தை அப்போது எழுதுகிறேன்.

இந்தப் புத்தகங்களால் என் வேலைக்கு எந்த உதவியும் இல்லை. திருட்டு லாரியைப் பிடித்தது என் கண். புத்தகம் என்று பொய் சொல்ல மாட்டேன். எதற்கும் உதவாது என்று தெரிந்தே படித்தேன்.

பதினோரு வருடமாக யார் யாரைப் பார்க்க வந்தார்கள் என்று எழுதுகிறேன். முதலாளியைப் பார்க்க, மேனேஜரைப் பார்க்க, கணக்குப் பிரிவைப் பார்க்க. ஒரு வரியில்கூட என்னைப் பார்க்க என்று எழுதும்படி யாரும் வந்ததில்லை. இந்த ஒரு மாதத்தில் எட்டு வரி எழுதினேன். அது தப்பு என்று எழுதித் தர என் கை வராது.’

மேனேஜர் நின்றபடியே நாலு பக்கமும் படித்தார். நடுவில் ஒரு முறை மீசைக்குள் சிரித்தார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எல்லாம் இருக்கட்டும் கேட்டக்கா. கடைசியில ஒரே ஒரு வரி சேர்த்துடுங்க. இனிமே கொண்டுவர மாட்டேன்னு.”

“மாட்டேன் சார்.”

“நான் என்ன செய்யட்டும்? மேல கேப்பாங்க.”

“நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்.”

சாவிக்கொத்தை மேசையில் வைத்தாள். பதிவேட்டைத் திறந்து கவிதைப் புத்தகத்துக்கு நேரே ‘4.10’ என்று எழுதினாள். அடுத்த வரியில், பதினோரு வருடத்தில் முதல் முறையாக, தன் சொந்தப் பெயரை எழுதினாள். போன நேரம் 4.11. பையை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்து நூலகத்துக்கு வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். ராத்திரி வீட்டில் தங்கை என்ன பாடு படுத்துவாள் என்று நினைத்தாள். பயம்தான். பயந்துகொண்டே புத்தகத்தைத் திறந்தாள்.

நாலரை மணி லாரி வந்து ஹாரன் அடித்தது. பின்னாலேயே இன்னொன்று. மேனேஜர் கேட்டைப் பிடித்து இழுத்தார், தள்ளினார், காலால் உதைத்தும் பார்த்தார். பழைய கேட், கீல் இறங்கியது. இடப்பக்கம் ஒரு விரற்கடை தூக்கி, முழங்காலால் முட்டுக் கொடுத்து, அப்புறம் இழுக்க வேண்டும். அது எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை. மூன்றாவது லாரி தெருவை அடைத்தபோது ஓட்டுநர்கள் இறங்கி வந்து வாய்க்கு வந்தபடி பேசினார்கள்.

கேட்டக்கா ஒரு பக்கத்தைத் திருப்பினாள்.

மேனேஜர் வியர்க்க விறுவிறுக்க, ஆள் போகும் சிறு கதவு வழியாக வெளியேறித் தெருவைக் கடந்து வந்தார்.

“வாங்க கேட்டக்கா. மேல நான் பேசிக்கிறேன்.”

“என்ன பேசுவீங்க?”

“ஏதாவது பேசுறேன். உங்க நாலு பக்கத்தையும் அப்படியே அனுப்பி வைக்கிறேன். நாளைக்கு என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது.”

“நாளைக்கு வர்றதை நாளைக்குப் பாத்துக்கலாம். இதுவும் கூட வரும் சார்,” என்று புத்தகத்தைக் காட்டினாள்.

அவர் திரும்பி நடந்தார். அவள் பின்னால் போனாள், ஆனால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

“எழுதாம நுழைய மாட்டேன் சார். பலகை பாருங்க.”

லாரிகள் ஹாரன் அடித்தன. மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு கூண்டறைக்குள் போய் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டை இழுத்தார். அவள் பெயரை எழுதினார். அதன் கீழே ‘ஈரச் சன்னல், கவிதைகள்’ என்று எழுதி, நேரத்தையும் போட்டார். புத்தகத்தின் வரியில் நடுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

“யாரைப் பார்க்க?”

“என்னைத்தான் சார்,” என்றாள் கேட்டக்கா. அவர் அதை எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.