கருத்துக்குப் பின் வடை

படம் முடிந்து விளக்கைப் போட்டு மூடியைத் திறந்தபோது தூக்குவாளியில் வடை இல்லை. எண்ணெய் குடித்த செய்தித்தாளும், அதன்மேல் கொஞ்சம் பருப்புப்பொடியும் இருந்தன. கோச்சடை உலகத் திரைப்பட வட்டம் எத்தனையோ சோதனைகளைத் தாண்டி வந்திருக்கிறது. படம் ஓடும்போது மின்சாரம் போயிருக்கிறது, துருக்கிப் படம் என்று வாங்கிய குறுந்தட்டில் தெலுங்குப் படம் இருந்திருக்கிறது. வடை போனது இதுதான் முதல் தடவை.

வட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. படம் பார்த்தவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் வடை. இதைக் கண்டுபிடித்தவர் தலைவர், பேராசிரியர் பாலசுந்தரம். வடையை முதலில் கொடுத்துப் பார்த்ததில், உலக சினிமா பற்றி மதுரைக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்பது போல எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். சட்டம் வந்தபின் கருத்துகள் பெருகின. அவர் மனைவி ஹம்சவேணி பச்சை இலை அரைத்துச் சுட்டு, பருப்புப்பொடி தூவும் முள்ளுமுருங்கை வடைக்கு மனிதன் எந்தப் படத்தைப் பற்றியும் எதையும் சொல்வான்.

அன்றைக்கு மழை. மாடிக்கூடத்துக்கு வந்தவர்கள் நான்கே பேர். தலைவர், செயலாளர் ரவிசங்கர், கவிஞர் வசுந்தரா, தலைவரிடம் ஆய்வு செய்யும் சிவபாண்டி. அதற்கேற்றாற்போல் வடையும் குறைவு. மனசிருந்தால் ஒரே ஆள் தின்று தீர்க்கலாம்.

படம் அமெரிக்காக்காரன் எடுத்த பழைய குதிரைப் படம், கறுப்பு வெள்ளை. பாலைவனத்தில் ஒரு கொலை. திருடன் ஒரு மாதிரி சொல்கிறான், செத்தவன் பெண்டாட்டி வேறு மாதிரி, பார்த்தவன் இன்னொரு மாதிரி. "உண்மைங்கிறது ஒண்ணு கிடையாது" என்று தலைவர் முன்னுரையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டதால், படத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

வாளியை எடுத்துப்போக எதிர்வீட்டிலிருந்து ஹம்சவேணி மாடியேறி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அதுக்குள்ள கருத்துச் சொல்லி முடிச்சாச்சா?"

ரவிசங்கர் தொண்டையைச் செருமி, யாரையும் பார்க்காமல், மூடி போட்டபடியேதான் இருந்தது, வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தது தம்பிதானே என்றார். அவர் குற்றம் சாட்டவில்லையாம், தகவல்தான் சொன்னாராம். வசுந்தரா சிவபாண்டியைக் கருணையோடு பார்த்தார். ஊர்ப்பக்கத்துப் பிள்ளை, பசித்திருக்கும், இதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்றார். அந்தக் கருணைக்குப் பதில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

"யாரு பெரிசுபடுத்துறா?" என்றார் ஹம்சவேணி. "யாரு என்ன பாத்தீக? சொல்லுங்க."

முதல் சாட்சி ரவிசங்கர். திருடனும் கணவனும் துப்பாக்கியோடு மோதும் கட்டத்தில் பின்னால் ஒரு நிழல் அசைந்ததை அவர் கவனித்தார். பாய்ந்து பிடித்திருப்பார். கலைக்கு மரியாதை கொடுத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய குறட்டையால்தான் வசனங்களைத் தவறவிட்டிருந்தான் சிவபாண்டி. படத்தில் அவர்கள் துப்பாக்கியோடு மோதவே இல்லை.

வசுந்தரா நாயகிக்காக அழுதுகொண்டிருந்தார். கண்ணீரின் ஊடாக வெண்மையாக ஏதோ கடந்து போனது. அது திருடனா, பெண்ணின் நிராதரவா என்று இப்போதும் சொல்ல முடியவில்லை. அவர் மடியில் கைபேசி படம் முழுக்க எரிந்துகொண்டிருந்தது வேறு விஷயம்.

தலைவர் எழுந்து நின்று சாட்சி சொன்னார். தாம் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவே இல்லை என்றார். திருட்டு என்பதே ஒரு பார்வைக் கோணம் என்றார். ஹம்சவேணி வீட்டுப் பாஷையில் ஏதோ சொன்னார். சௌராஷ்டிரம் தெரியாதவர்களுக்கும் அது பாராட்டு இல்லை என்று புரிந்தது. தலைவர் உட்கார்ந்தார். போன தையில் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் எண்ணெய்ப் பலகாரம் ஊருக்கு மட்டுமே.

இப்போது எல்லோரும் சிவபாண்டியைப் பார்த்தார்கள்.

அவன் பார்த்திருந்தான். பாலைவனத்தில் உச்சிவெயில் வந்தபோது திரை வெளுத்து, கூடமே பகலானது. மழை வலுத்த சத்தம் கேட்டு அவன் திரும்பினான். பின்மேசையருகே பேராசிரியர், ஒரு கன்னம் உப்ப, நின்றிருந்தார். இருவர் கண்ணும் சந்தித்தன. அவர் மெல்வதை நிறுத்தினார். காட்சி மாறி இருட்டியது. இருட்டில் அவர் மறுபடி மெல்லத் தொடங்குவது கேட்டது.

அவன் பையில் ஆய்வேடு இருந்தது. நாளைக்குள் அவர் கையெழுத்தோடு பல்கலைக்கழகத்தில் சேர்த்தால்தான் மேலூர்க் கல்லூரி நேர்காணலுக்குப் போக முடியும். படம் முடியட்டும், பார்க்கலாம் என்றிருந்தார். மாதக்கணக்கில் ஒவ்வொரு படமும் முடிந்துகொண்டிருந்தது. அழகர்கோவில் பக்கத்து ஊரில் அவன் அப்பா அழகுமலை, மகன் டாக்டர் ஆகிவிட்டான் என்று எப்போதோ சொல்லிவிட்டார். ஊருக்குப் போனால் முழங்கால் வலிக்காரர்கள் வாசலில் காத்திருக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால் கையெழுத்து போகும். சும்மா இருந்தால் வடைத் திருடன்.

"நாய் வந்துச்சு மேடம்" என்றான். "தெருவுல நிக்கிமே, கருப்பு. அதுதான்."

"மாடிக்கா? கதவு சாத்தியிருந்துச்சே" என்றார் ஹம்சவேணி.

"முட்டித் தொறந்துச்சு" என்றார் தலைவர் சட்டென்று. "நானும் பாத்தேன்."

ரவிசங்கர் நெற்றியில் தட்டிக்கொண்டார். அவர் பார்த்த நிழலுக்கு வால் இருந்தது. அப்போதே யோசித்தாராம். வசுந்தராவுக்கும் நினைவு வந்துவிட்டது. வெண்மையாகத் தெரிந்தது அதன் பல். உண்மை ஒன்றில்லை என்று சொன்ன வட்டத்தில் முதல்முறையாக எல்லோரும் ஒரே உண்மையைச் சொன்னார்கள். ஹம்சவேணி மட்டும் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"மூடியத் தொறந்து தின்னுட்டு, திரும்ப மூடியும் வச்சிருக்கு. நல்லா வளத்த நாய்தான்."

தலைவர் கூட்டத்தை முடித்துவைத்தார். படியிறங்கும்போதே, "எங்கப்பா உன் ஆய்வேடு?" என்றார். அப்படிக் கேட்டது இதுவே முதல்முறை.

மழை விட்டிருந்தது. தெருவிளக்கடியில், சிவபாண்டி ஸ்கூட்டர் இருக்கையைத் துடைத்துவிட்டு ஆய்வேட்டைப் பிரித்து வைத்தான். பேராசிரியர் தமிழில்தான் கையெழுத்திடுவார், கொம்பும் சுழியுமாக, முழுப்பெயரையும். பேனாவைத் திறந்து, 'முனைவர்' என்பதை மட்டும் நிதானமாக வரைந்தார்.

சாக்கடை ஓரத்திலிருந்து கருப்பு எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு வந்தது. சிவபாண்டியைக் கடந்து, நேராகப் பேராசிரியரிடம் போய், அவருடைய வெள்ளை ஜிப்பாவின் பக்கப்பைக்கு மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தது. பையில் உள்ளங்கை அளவுக்கு எண்ணெய் பரவி, ஓரத்தில் பச்சையாகத் தெரிந்தது.

"சீ, போ" என்றார், மெதுவாக.

பின்னால் படியில் வாளியின் கைப்பிடி கிணுங்கியது. கடைசிப் படியில் ஹம்சவேணி நின்றுவிட்டார். நாயைப் பார்த்தார். நாய் பார்த்த இடத்தைப் பார்த்தார்.

பேனா 'பாலசுந்' வரை வந்து நின்றது. சிவபாண்டி தாளின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டான். கருப்பு வாலை ஆட்டியது.