கரை திரும்பும் சத்தம்

சூசைராஜ் ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி வேலைக்காரன். தான் பேசினால் ஐஸ் கட்டியும் சிரிக்கும் என்பது அவன் எண்ணம். அந்த எண்ணம் வேறு யாருக்கும் இருந்ததில்லை. அக்காள் புருஷன் ஜெரால்டிடம் மட்டும் ஒரு காலத்தில் அந்தப் பேச்சு எடுபட்டது.

ஜெரால்டு விசைப்படகு ஓட்டியவர். அவர் தம்பி ஜஸ்டின் காற்றடித்த ஒரு நாளில் படகிலிருந்து கடலில் விழுந்து போனான்; உடலும் ஒதுங்கவில்லை. "உடம்பு வராம என்ன பூசை?" என்று சர்ச்சில் துக்கப் பூசை வைப்பதைத் தடுத்த ஜெரால்டு, அதோடு பேச்சையும் ஏறக்குறைய விட்டார். எத்தனையோ மாத்திரை மாற்றியும் பலனில்லை. போன தை மாதம் அக்காள் சந்தனமேரி அவரைக் கயிறும் கையுமாகப் பிடித்தாள். "படகு கட்ட எடுத்தேன்" என்றார். படகை விற்று ஒரு வருடம் ஆகியிருந்தது.

அப்புறம்தான் புதுக்கோட்டையில் ஒரு மனநல ஆஸ்பத்திரியில் நடந்த ஊசி ஆராய்ச்சியில் சேர்த்தார்கள். டாக்டர் சுடர்விழி விளக்கினார்.

"ஆபரேஷனுக்குக் குடுக்கிற மயக்க மருந்துதான், கொஞ்சமா. கண்ணுக்குள்ள என்னென்னமோ தெரியும். அறுபது எழுபது வருசத்துக்கு முன்னாடி மேல்நாட்டுல இப்படி மனசைக் கலைக்கிற மருந்துங்கள வச்சு நிறைய ஆராய்ச்சி நடந்துச்சு. சில எடத்துல என்ன மருந்துன்னே சொல்லாம, கட்டில்ல கட்டிவச்சுக் குடுத்தாங்க. அலறுனாங்க. அப்புறம் தடை வந்து எல்லாம் நின்னுபோச்சு. அதுல கத்துக்கிட்டது ஒண்ணு: ரூமு, சத்தம், பக்கத்துல இருக்கிற ஆளு, இதெல்லாம் பாதி மருந்து. அவருக்குப் பழகின சத்தம் எதாவது கொண்டாங்க."

"என் பேச்சு?" என்றான் சூசைராஜ்.

"அது வேண்டாங்க."

சூசைராஜ் விடியலில் துறைமுகத்துக்குப் போய், கடலுக்குக் கிளம்பும் படகின் இன்ஜின் சத்தத்தைப் போனில் பதிந்தான். டிரைவருக்கு அதைவிடத் தாலாட்டு ஏது?

ஊசி ஏறியது. காதில் ஹெட்போன், கண்ணில் துணி. ஜெரால்டின் உதட்டில் சிரிப்பு வந்ததைப் பார்த்ததும் சூசைராஜுக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில்தான் கை காற்றைத் துழாவியது.

"மாப்ள, கரை எங்கிட்டு? கரையக் காணோமே!"

விழித்தவர் விம்மி விம்மி அழுதார். அடுத்த வாரமும் அதேதான். வீட்டில் நிலைமை இன்னும் மோசம்; சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு, "அந்தச் சத்தத்தப் போடு, ஜஸ்டின் அங்கதான் நிக்கிறான்" என்று கடலைப் பார்த்துக் கிளம்பினார். சந்தனமேரி வாசல் கதவில் பூட்டுப் போட்டாள்.

"இன்னும் ஒரு ஊசிதான். அதுக்கும் இப்படின்னா நிப்பாட்டிருவோம்" என்ற டாக்டர், போனை வாங்கிக் கேட்டார். "இது எப்பப் பதிஞ்சீங்க?"

"கடலுக்குப் போறப்ப மேடம். சத்தம் தேயிற வரைக்கும் நின்னு பதிஞ்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, படகு போயி..." மச்சானைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, திரும்பும் வழியைப் பதியாமல் வந்திருக்கிறான். இவனை நம்பி ஐஸ் கம்பெனியே நடக்கிறது!

மறுநாள் விடியலில் படகுகள் திரும்பும்வரை நின்றான். நெருங்கிவரும் இன்ஜின், காக்காய்கள், மீன் கூடை இழுபடும் ஓசை, ஏலக்காரரின் கத்தல் எல்லாவற்றையும் பழைய பதிவின் தொடர்ச்சியாகப் பதிந்தான். ஒரு படகு கரையை அணைந்தபோது தன் குரலிலேயே, "கயித்த வீசுங்க மச்சான்!" என்றான். வீட்டுக்கு வந்து, அக்காள் அடுப்படியில் திட்டுவதையும் சேர்த்துக்கொண்டான்.

"இந்த மருந்து எல்லாருக்கும் கேக்கிறதில்ல" என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஊசி ஏறியது. படகு போனது. ஜெரால்டின் உதடு யாரையோ கூப்பிட்டது. சூசைராஜ் கட்டிலோரம் நெருங்கி உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்து ஜெரால்டின் கை நீண்டு அவன் மணிக்கட்டை இறுக்கியது, எலும்பு நோகும் அளவுக்கு.

கண்துணியை எடுத்தார்கள்.

"கயிறு வீசுனேனே, பிடிச்சியா?"

"பிடிச்சுக் கட்டிட்டேன் மச்சான்."

"ஜஸ்டினக் கூப்பிட்டேன்டா. எறங்க மாட்டேன்னுட்டான்." ஜெரால்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் பூசைக்குச் சாமியார்ட்டச் சொல்லணும். மேரியக் கூப்பிடு."

இந்த நேரத்துக்கென்று சூசைராஜ் ஒரு ஜோக் தயார் செய்து வைத்திருந்தான். அதை விட்டுவிட்டு, அக்காளைக் கூப்பிட வெளியே போனான்.