சுரங்க வாய் இருந்த இடம்

சாலையோரம் நிற்கும் வரலாற்றுப் பலகைகளை நட்டு வைப்பது என் தொழில். “இந்த இடத்தில்” என்று அவற்றில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். நடந்தது வயலுக்கு நடுவில் இருக்கலாம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கலாம். பலகை நிற்பதோ வண்டியை ஓரங்கட்டிப் படிக்கத் தோதான இடத்தில். மண் கெட்டியாக இருக்க வேண்டும், வளைவில் பார்வையை மறைக்கக் கூடாது. “கொஞ்சம் தள்ளி நட்டா வரலாறு கோச்சுக்காது” என்பான் என்னோடு வேலை செய்யும் நெட்டை.

அன்று, லாரி இடித்துச் சாய்த்த பழைய பலகை ஒன்றை நிமிர்த்தப் போயிருந்தோம். என் அக்கா குடியிருக்கும் தெருவின் முனை அது. இந்த இடத்தில் இருந்த நிலக்கரிச் சுரங்க வாய் வழியாக இறங்கியவர்கள் வெள்ளம் புகுந்து மாண்டார்கள், பிறகு அந்த வாய் மூடப்பட்டது என்று எழுதியிருந்தது. கம்பம் அடியோடு முறிந்திருந்ததால் பக்கத்திலேயே புதுக் குழி வெட்ட வேண்டியிருந்தது. நெட்டை கடப்பாரையை ஓங்கிப் போட்டான். தீப்பொறி பறந்தது.

“என்னடா, பாறைக்குத் தாலாட்டு பாடுறியா?” என்றேன்.

“நீ வந்து குத்திப் பாரு. உங்க அக்கா மனசு மாதிரி இருக்கு.”

சிரித்துக்கொண்டே குழிக்குள் எட்டிப் பார்த்தேன். மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. ஒருமுறை தோண்டி மூடிய இடத்தில் செங்கல், சாம்பல், கரித்தூள் எல்லாம் கலந்துகட்டி வரும். தொடாத மண் மடித்து வைத்த துணிபோல அடுக்கடுக்காக இருக்கும். இங்கே அடுக்கு கலையவில்லை. அதற்குக் கீழே முழுப் பாறை.

“இங்க யாரும் தோண்டினதே இல்லடா.”

“அப்ப சுரங்கம்?” என்றான் நெட்டை. “நம்மள மாதிரி எவனாவது தள்ளி நட்டிருப்பான்.”

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். நான் சுற்றிலும் பார்த்தேன். பின்னால் பாறை மேடு. சாலைக்கு அந்தப் பக்கம் சரிவு. சுரங்க வாய்க்கு வரும் கரி வண்டிகள் நின்று திரும்பும் அளவுக்குச் சமதரை ஒரே இடத்தில்தான் இருந்தது. அங்கே அக்காவின் தெரு வீடுகள் வரிசையாக நின்றன. வீடு கட்டியவர்கள் பலகையைப் படித்திருக்கிறார்கள். படித்து, நம்பி, அதைவிட்டு விலகிக் கட்டியிருக்கிறார்கள்.

போன வாரம் அக்கா போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. “உங்க மாமா ஏசி வாங்கித் தரமாட்டேங்கறாரு. பரவால்ல, எங்க கூடத்துல ஒரு விரிசல் விட்டிருக்கு, அதுலேருந்தே ஜில்லுனு காத்து வருது. மழை வர்ற மாதிரி இருந்தா நல்லா வரும். வெயிலடிச்சா நின்னுடும்.”

சாக்கடைக் குழாயாக இருந்தால் நாற்றம் வரும், வானிலை பார்த்து நிற்காது. பூமிக்கடியில் பெரிய வெற்றிடம் இருந்தால்தான் இப்படி. மழைக்கு முன் வெளியே காற்றின் அழுத்தம் குறையும். உள்ளே அடைபட்ட காற்று கிடைத்த சந்து வழியாக வெளியே தள்ளும். வானம் வெளுத்தால் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். பழைய சுரங்கம் மூச்சு விடுவது அப்படித்தான்.

நிமிர்ந்து பார்த்தேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“வண்டியிலேருந்து ஏணிய எடுத்துட்டு வா” என்று நெட்டையிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

அக்கா கதவைத் திறந்தாள். “என்னடி, பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கற?”

“குட்டி எங்க?”

“உள்ள தூங்கறா. மெதுவாப் பேசு.”

கூடத்தின் குறுக்கே, சுவருக்குச் சுவர் ஓடியது விரிசல். அதற்கு அந்தப் பக்கம், குளிர்ச்சியான இடமாகப் பார்த்து விரித்த பாயில், தவழத் தொடங்கியிருக்கும் அக்கா மகள் தூங்கினாள். மின்விசிறி ஓடவில்லை. அவள் நெற்றி முடி அசைந்துகொண்டிருந்தது.

வாசலில் கிடந்த சல்லிக்கல்லை விரிசலுக்குள் நழுவவிட்டேன். சத்தமே இல்லை. “என்னடி பண்ற?” என்று அக்கா கேட்டு முடித்த பிறகு, எங்கோ ஆழத்தில் தண்ணீர் ‘க்ளக்’ என்றது.

அக்காவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாய்ந்தாள். இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

“விடுடி! என் புள்ளடி!”

“அதனாலதான்கா சொல்றேன். மிதிக்காத!”

இப்படிப்பட்ட வாயை மர உத்திரங்களைக் குறுக்கே போட்டு, மேலே மண் கொட்டி மூடுவார்கள். மரம் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து உளுத்துப்போகும். நின்றால் மொத்தப் பாரமும் இரண்டு பாதங்களில் இறங்கும். படுத்தால் பரவும். அதற்குள் ஏணியோடு வந்துவிட்ட நெட்டை அதைத் தரையோடு நீட்டி, இந்த முனையில் வாசற்படிமேல் உட்கார்ந்துகொண்டான். நான் குப்புறப் படுத்து ஊர்ந்தேன். வயிற்றில் காற்று அடித்தது. ஈர இரும்பின் வாசனை. ஏணிக்கடியில் தரை மெல்ல முனகியது.

பாய் விளிம்பைத் தொடப்போகையில் குட்டி விழித்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். துரத்தும் விளையாட்டு என்று நினைத்துவிட்டாள் போலும். கிளுக்கென்று சிரித்து, எதிர்மூலைக்குத் தவழ ஆரம்பித்தாள்.

கையை நீட்டினேன். எட்டவில்லை.

“குட்டி எங்க? காணோமே!” அக்காவின் குரல். திரும்பிப் பார்த்தேன். வாசற்படியில் மண்டியிட்டு, முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். “எங்க அம்மாக்குட்டியைக் காணோமே! யாராச்சும் பார்த்தீங்களா?”

“நான் பாக்கலியே” என்றான் நெட்டை.

குட்டி நின்றாள். திரும்பினாள். முந்தானையை இழுக்கும் ஆசையில், கையும் காலுமாக வேகமாக வந்தாள். எட்டும் தூரத்துக்கு வந்ததும் சட்டையோடு பிடித்து மார்போடு அணைத்தேன். நெட்டை ஏணியை எங்கள் இருவரோடும் சேர்த்து இழுத்தான். நாங்கள் கிடந்த இடத்தில் ஒரு தரை ஓடு ஒருபுறமாகச் சாய்ந்து, சத்தமில்லாமல் உள்ளே போனது.

நெட்டை மற்ற வீட்டுக் கதவுகளைத் தட்ட ஓடினான். அக்காவை வண்டிக்குள் உட்காரவைத்தேன். குட்டியை இறுக்கிக்கொண்டு, இரண்டு கால்களையும் இருக்கைமேல் மடக்கிக்கொண்டாள்.

“இது எதுவரைக்கும்டி போகும் கீழ?” என்றாள்.

வாய்தான் அங்கே. உள்ளே சுரங்கம் பாறைக்கடியில் எந்தப் பக்கமெல்லாம் ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. வண்டியைக் கிளப்பச் சாவியைத் தொட்ட கை, இன்ஜின் அதிர்வை நினைத்து, திருகப் பயந்து அப்படியே நின்றது.