மாமனார் சீமோன்

ஆஸ்டின் டவுன் கோயிலில் பெரிய வெள்ளியன்று தெருவழியே போகும் சிலுவைப் பாதையில் சீமோன் வேஷம் ஜெயராஜுக்குத்தான். இயேசு சுமக்க முடியாமல் தள்ளாடும்போது, வேடிக்கை பார்க்க நின்றவனைப் படைவீரர்கள் இழுத்து வந்து சிலுவைக்குத் தோள் கொடுக்க வைப்பார்களே, அந்த வேஷம். மகள் ஜூலியா சின்ன வயதில் மூளைக்காய்ச்சலில் கிடந்து பிழைத்தபோது நேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட அவர் விட்டதில்லை.

"இந்த வாட்டி இயேசு யாருப்பா?" என்று டொமினிக்கிடம் கேட்டார். எல்லாவற்றையும் நடத்துகிறவன் டொமினிக். படைத்தலைவன் வேஷமும் அவனுக்கே. போன வருஷத்து இயேசு வேலை கிடைத்து துபாய் போய்விட்டான்.

டொமினிக் தலையைச் சொறிந்தான். "கோவிச்சுக்காதீங்கண்ணே. உங்க மாப்ளதான்."

மாப்பிள்ளை நீலோடு ஜெயராஜ் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சண்டை என்று எதுவும் இல்லை. நீல் பிரேசர் டவுன் பையன். வீட்டில் கொங்கணியும் இங்கிலீஷும். கல்யாணத் திருப்பலியை அவர்கள் பங்குக் கோயிலிலேயே இங்கிலீஷில் வைத்துவிட்டார்கள். ஞாயிறுதோறும் தமிழ்ப் பூசையில் தொண்டை வலிக்கப் பாடுகிற மனிதர், சொந்த மகளின் கல்யாணத்தில் ஒரு பாட்டுக்கும் வாய் திறக்க முடியாமல் முன்வரிசையில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த வருத்தத்தை யாரிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் பேச்சை நிறுத்தியதோடு சரி.

"அப்ப வேற சீமோனைப் பாத்துக்க" என்றார்.

"நேர்ச்சையை விட்டுருவீங்களாண்ணே?"

ஜெயராஜ் சீமோனின் அங்கியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

அன்று ராத்திரி ஜூலியா போன் செய்தாள். "அப்பா, நான் ஒண்ணும் சொல்லல. அவராத்தான் பேர் குடுத்தாரு."

"அவனுக்குத் தமிழ் சரியா வராதே?"

"ஒரு வரிதானேப்பா, எருசலேம் பொம்பளைங்க கிட்ட சொல்றது. ஆபீஸ் போறப்ப கார்ல சொல்லிச் சொல்லிப் பாக்குறாரு. 'அழாதீர்கள்'தான் வரமாட்டேங்குது. 'அளாதீர்கள்'னே வருது."

ஜெயராஜ் சிரிக்காமல் போனை வைத்தார்.

பெரிய வெள்ளியன்று காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. நீல் காகிதப்பூச் செடியின் முள்ளில் செய்த முடியோடு வெறுங்காலில் தார் ரோட்டில் நடந்தான். பின்னால் பாட்டும் ஜெபமுமாகக் கூட்டம். சிக்னலில் போலீஸ்காரர் நிறுத்திய பஸ்ஸின் ஜன்னலோரத்தில் ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

சீமோன் வருகிற ஐந்தாம் நிலையில் டொமினிக் ஜெயராஜின் அங்கியைப் பிடித்துக் கூட்டத்திலிருந்து இழுத்தான். அவர் வழக்கம்போலச் சிலுவையின் பின்பக்கத்தைத் தோளில் வாங்கினார். எப்போதும் அந்த நேரத்தில்தான் அவருடைய ஜெபம் தொடங்கும். செத்துப்போன அம்மாவுக்கு, கடைக்கு, மகளுக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நடப்பார். இன்றைக்கு ஒன்றும் வரவில்லை. முன்னால் போகிற கால்கள்தான் கண்ணில் பட்டன. குதிகால் கொப்பளித்து உடைந்திருந்தது. முழங்கால் நடுங்கியது, நடிப்பில்லை.

'இவன் விழுந்துடக் கூடாது ஆண்டவரே' என்று உள்ளுக்குள் ஒரு சத்தம் கேட்டது. அதைச் சொன்னது தாம்தான் என்பது அவருக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

ஆறாம் நிலை வந்ததும் டொமினிக் காதோரம் கிசுகிசுத்தான். "அண்ணே, உங்க பார்ட் முடிஞ்சுது. வெளிய வாங்க."

"நீ சாட்டையை ஒழுங்கா சுத்துற வழியப் பாரு."

டொமினிக் திருதிருவென்று விழித்தான். ஜெயராஜ் தோளை இன்னும் முன்னால் நகர்த்தி, பாரத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தண்ணி குடிச்சியா?" என்று முதுகைப் பார்த்துக் கேட்டார்.

நீல் திடுக்கிட்டான். அது மாமனாரின் குரல். "இல்ல மாமா. நேத்து நைட்லருந்து ஃபாஸ்டிங்."

"தண்ணி குடிச்சா நோன்பு முறியும்னு எவன் சொன்னான்?"

"டொமினிக் சொன்னாரு."

படைத்தலைவன் சட்டென்று நாலடி முன்னால் போய் நடந்தான்.

எட்டாம் நிலையில் எருசலேம் பெண்கள் முக்காடு போட்டு அழுதபடி காத்திருந்தார்கள். அவர்களில் ஜூலியாவும் ஒருத்தி. "ஜூலி, தண்ணி எடு!" என்றார் ஜெயராஜ். அவள் முக்காட்டுக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்துப் புருஷன் வாயில் ஊற்றினாள். அவன் மடக்மடக்கென்று குடித்தான். "எவ்ளோ நிஜமா பண்றாங்க பாரு!" என்று கூட்டத்தில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு நீல் தலையை நிமிர்த்தி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "பெண்களே, எனக்காக அளாதீர்கள்" என்றான்.

பின்னால் நின்ற இரண்டு பையன்கள் களுக்கென்று சிரித்தார்கள். சிலுவைக்கு அடியிலிருந்து ஜெயராஜ் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு நின்றது. ஜூலியா நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள்.

கோயில் மைதானம் வரைக்கும் சீமோன் இறங்கவில்லை. நீலைச் சிலுவையில் ஏற்றிக் கட்டுகிறபோதும் கீழே நின்று, "கயித்த இறுக்காதீங்கடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து மரத்தடியில் கஞ்சி ஊற்றினார்கள். நீல் ஒரு பக்கெட் தண்ணீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தான். ஜெயராஜ் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நீல் ஒரு வாய் குடித்தான். "மாமா, இது எங்க வீட்லயும் செய்வாங்க. நாங்க பேஜ்னு சொல்வோம்."

"அதுவும் கஞ்சிதானா?"

"சேம் திங் மாமா. ஆனா மாங்கா ஊறுகாயோட சாப்பிடுவோம்."

ஜெயராஜ் எழுந்து கஞ்சி ஊற்றுகிற இடத்துக்குப் போய்க் கேட்டார். ஊறுகாய் இல்லை என்றார்கள். அவர் சீமோனின் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போனார். "அப்பா, எங்க போறீங்க?" என்று ஜூலியா கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். கையில் முனைக்கடையில் வாங்கிய ஊறுகாய் பாக்கெட். அதன் முனையைப் பல்லால் கிழித்து மாப்பிள்ளையின் கஞ்சியில் பிதுக்கினார்.

"போதுமா? இன்னும் கொஞ்சம்?"