ஃபிரிட்ஜ் மேல் ஒரு தனி ராஜ்ஜியம்

யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்யலாம், இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. பூட்டுக்காரரின் மனைவியே தன் வாயால் சொன்னது.

கல்யாண நாளன்று பூட்டுக்காரர் மனைவியின் படத்தைப் போட்டு, 'இவள் இல்லாவிட்டால் நான் சாவி தொலைந்த பூட்டு' என்று ஒரு பெரிய கம்பெனியின் சமூக வலைத்தளத்தில் எழுதினார். அங்கே யாருக்கு எதைக் காட்டுவது என்பது கம்பெனியின் இஷ்டம். மனைவிக்கு அதைக் காட்டவில்லை. விவாகரத்து வக்கீல் ஒருவரின் விளம்பரத்தைக் காட்டியது.

அன்று அவருக்குச் சாப்பாடு இல்லை. இனி அந்தக் கம்பெனியின் சங்காத்தமே வேண்டாம் என்று, அதே மாதிரி தளத்தைச் சொந்தமாக நடத்த, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் மென்பொருள் ஒன்றை இறக்கினார். பழைய கம்ப்யூட்டரை ஃபிரிட்ஜ் மேல் ஏற்றி, வீட்டுக்கென்றே ஒரு சர்வர் தொடங்கினார். மனைவியும் மச்சினனும் உறுப்பினர்கள். விளம்பரம் கிடையாது. எழுதியது எழுதிய வரிசையில் எல்லாருக்கும் தெரியும்.

"இங்க முதலாளியே கிடையாது. எல்லாரும் சமம்," என்றார்.

"அழிக்கிற பட்டன் யார்கிட்ட இருக்கு மாமா?" என்றான் மச்சினன்.

"சும்மா ஒரு பாதுகாப்புக்கு என்கிட்ட இருக்கு."

மறுநாள் மனைவி எழுதினாள்: 'சமையலறைக் குழாய் ஒரு மாசமா ஒழுகுது. நிர்வாகி கவனிப்பாரா?' நிர்வாகி கவனித்தார். பதிவை அழித்தார்.

மென்பொருள்தான் பொதுச் சொத்தாயிற்றே, அவளும் இறக்கிக்கொண்டு படுக்கையறைத் தையல் மெஷின் மேல் தனக்கொரு சர்வர் வைத்தாள். இந்தச் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். பிடிக்காததைத் தள்ளியும் வைக்கும். அவள் முதலில் ஃபிரிட்ஜைத் தள்ளிவைத்தாள். பிறகு கதவை உள்ளே பூட்டிக்கொண்டாள்.

மச்சினன் சமாதானத்துக்காக மாடிப்படியில் மூன்றாவது சர்வர் வைத்தான். பூட்டுக்காரர் அதன் வழியாக மன்னிப்புக் கேட்டதும் படுக்கையறை மாடிப்படியையும் தள்ளிவைத்தது. அன்றிலிருந்து மச்சினன் கோபித்துக்கொண்டு படியைவிட்டுக் கீழே இறங்குவதில்லை.

"கண்ணை மூடிக்கிட்டு எந்தப் பூட்டையும் திறப்பீங்களே, இதையும் திறந்துடுங்களேன் மாமா," என்றான் படியிலிருந்தே.

"அது அவ சர்வர்டா. அவளா சேர்த்துக்காம உள்ள போறது கொள்கைக்கு விரோதம்."

குழாயைச் சரிசெய்தார். அதை அவளிடம் சொல்லத்தான் வழியில்லை. வெட்கத்தை விட்டுப் பெரிய கம்பெனிக்கே திரும்பிப் போய், 'குழாய் சரி. கதவைத் திற' என்று எழுதி, தொழில் பழக்கத்தில் போன் நம்பரையும் கீழே போட்டுவிட்டார். கம்பெனி அதை விளம்பரம் என்று முடிவு கட்டி, கதவு மூடியிருந்த வீட்டுக்கெல்லாம் காட்டியது.

படுக்கையறையில் பூட்டு இறுகிப்போய்த் திறக்க வராமல் தவித்துக்கொண்டிருந்த மனைவி அதைப் பார்த்தாள். மனப்பாடமான நம்பர்தான். இருந்தாலும் புது வாடிக்கையாளர் குரலில் கூப்பிட்டாள்.

"பூட்டுக்காரர்ங்களா? உள்ள மாட்டிக்கிட்டேன்."

"அட்ரஸ் சொல்லுங்கம்மா."

"ஃபிரிட்ஜைத் தாண்டி இடது பக்கம். வரும்போது அந்த அழிக்கிற பட்டனையும் எடுத்துட்டு வாங்க."

இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார், திருப்புளியையும் பட்டனையும். கதவு திறந்தது. பட்டன் அன்றே கை மாறியது.

பூட்டுக்காரருக்கு இன்றுவரை கல்யாணம் ஆகவில்லை.